அர்ஜென்ட் கேரில் சரியாகக் கவனிக்கவில்லையா? அமெரிக்காவில் புகாரை எந்த வரிசையில் கொண்டுபோவது: முழுமையான வழிகாட்டி

அர்ஜென்ட் கேர், அதாவது எமர்ஜென்சி அளவுக்குப் போகாத திடீர்த் தொந்தரவுகளைப் பார்க்கும் கிளினிக்குக்குப் போய் மனம் நொந்து திரும்புகிறவர்கள் பெரும்பாலும் இரண்டில் ஒன்றைச் செய்கிறார்கள். காரில் உட்கார்ந்தபடியே ஒற்றை நட்சத்திர ரிவ்யூ போட்டுவிட்டு மறந்துவிடுகிறார்கள். இல்லையென்றால் எல்லாக் கோபத்தையும் ஒரே மின்னஞ்சலில் கொட்டி, ‘உங்கள் கருத்துக்கு நன்றி’ என்ற பதிலை வாங்கிக்கொள்கிறார்கள். சில வாரம் கழித்து பில் வந்து நிற்கும்போது கையில் ஒரு தாள்கூட இருக்காது.

வரிசை மாறினால் நியாயமான புகாரும் தோற்கும். முதலில் ஆவணம், அப்புறம் கடிதம், அதற்கும் பிறகுதான் வெளி அலுவலகங்கள். வேலை மூலம் கிடைத்த இன்சூரன்ஸ் உள்ளவர்களை மனதில் வைத்து இதை எழுதுகிறேன். ஊரிலிருந்து வந்திருக்கும் பெற்றோரை அழைத்துப் போனவர்களுக்குக் கடைசியில் தனியாக ஒரு பகுதி உண்டு.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இன்சூரன்ஸ் அட்டையின் இரு பக்கப் படம், கோபே (வருகைக்கு நீங்கள் கையிலிருந்து கட்டும் பங்கு) கட்டிய ரசீது, கிளம்பும்போது கொடுத்த டிஸ்சார்ஜ் தாள், பேஷன்ட் போர்ட்டல் என்ற கிளினிக்கின் நோயாளர் இணையக் கணக்கின் லாகின். போர்ட்டலுக்கான அழைப்பு மின்னஞ்சல் பலருக்கு ஸ்பாமில் கிடக்கும். தேடி எடுத்து அன்றே கணக்கைத் திறந்துவிடுங்கள்.

காலண்டரில் வருகைத் தேதியையும் அதிலிருந்து 180-வது நாளையும் குறித்து வையுங்கள். கீழே வரும் கெடுக்களில் ஒன்று பெரும்பாலும் அந்த நாளோடு முடிகிறது.

புகார் செய்தால் விசாவுக்குச் சிக்கல் வருமோ என்று தயங்குகிறவர்களும் உண்டு. கிளினிக்குக்கு எழுதும் கடிதத்துக்கும் விசாவுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

1. முதலில் உடம்பைப் பாருங்கள்

பிரச்சினை தீராமல் திரும்பியிருந்தால் வேறு கிளினிக்கோ குடும்ப மருத்துவரோ பார்க்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், முகம் ஒரு பக்கம் கோணுவது, குழந்தை துவண்டு கிடப்பது போன்றவை என்றால் நேராக எமர்ஜென்சிதான், அல்லது 911.

இதில் புகாருக்கும் பயன் உண்டு. இரண்டாவது மருத்துவர் அதே வாரத்தில் எழுதும் குறிப்பு, முதல் இடத்தில் எது விட்டுப்போனது என்பதைக் காட்டும் நடுநிலையான ஆவணம். உங்கள் வாய்ச்சொல்லை விட அதற்கு எடை அதிகம்.

இங்கே ஒரு பொதுவான தவறு. எம்டாலா என்ற 1986 சட்டத்தை எடுத்துக்காட்டி, ‘பணம் கட்டாமல் பார்க்க மறுத்தார்கள், இது சட்டவிரோதம்’ என்று எழுதுகிறார்கள். மெடிகேர் என்ற அரசு இன்சூரன்ஸில் பங்குபெறும் மருத்துவமனைகளின் எமர்ஜென்சிக்கான சட்டம் அது. தனித்து இயங்கும் அர்ஜென்ட் கேரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தாது. தவறான சட்டத்தோடு தொடங்கும் கடிதத்தை எதிர்த் தரப்பு சுலபமாக ஒதுக்கிவிடும்.

2. அன்றிரவே நடந்ததை எழுதி வையுங்கள்

நேரம், பெயர், சொன்ன வார்த்தை. இந்த மூன்று போதும். எத்தனை மணிக்கு உள்ளே போனீர்கள், எப்போது நர்ஸ் அழைத்தார், எப்போது மருத்துவர் வந்தார், எத்தனை நிமிடம் அறையில் இருந்தார். ரிசப்ஷனில் இருந்தவரின் பெயர் தெரியாவிட்டால் ‘மாலை ஷிஃப்டில் இடது கவுன்டரில் இருந்தவர்’ என்று குறித்தாலும் பலன் உண்டு.

ஆன்லைனில் ‘5:30’ என்று இடம் பிடித்துப் போனவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பல கிளினிக்குகளில் அது அப்பாயின்ட்மென்ட் இல்லை, வரிசையில் ஓர் உத்தேச இடம். அதிகம் முடியாதவர் வந்தால் அவரை முதலில் எடுப்பார்கள். ‘5:30 அப்பாயின்ட்மென்ட் கொடுத்துவிட்டு ஏமாற்றினார்கள்’ என்ற வரி நிற்காது. ‘காத்திருந்த நேரத்தில் ஒருவரும் வந்து காய்ச்சல், ஆக்சிஜன் அளவு பார்க்கவில்லை’ என்ற வரி நிற்கும்.

நடந்ததை ஃபோனில் பதிவு செய்திருந்தால் உடனே யாருக்கும் அனுப்பாதீர்கள். டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் பேசுகிறவர்களில் ஒருவர் சம்மதம் போதும். கலிபோர்னியாவில் தனிப்பட்ட உரையாடலைப் பதிவு செய்ய எல்லோருடைய சம்மதமும் வேண்டும். உங்கள் மாநிலச் சட்டம் தெரியாமல் அனுப்பினால் புகார் உங்கள் மேலேயே திரும்பலாம்.

3. மனக்குறையைப் பிரித்துக்கொள்ளுங்கள்

எல்லோரும் தாவிப்போகும் படி இதுதான். ஓர் அர்ஜென்ட் கேர் வருகையில் எழும் குறைகள் நான்கு வகைக்குள் அடங்கும். நடத்தை: அலட்சியம், மரியாதைக் குறைவு, காத்திருப்பு. சிகிச்சை: பரிசோதிக்காமல் மருந்து எழுதியது, தவறாகக் கண்டறிந்தது. பணம்: சொன்னதை விட அதிக பில், பார்க்காததற்கும் பில். உரிமை: தகவலை வெளியே சொன்னது, மொழிபெயர்ப்பாளர் தர மறுத்தது, பாகுபாடு.

ஒவ்வொன்றுக்கும் கதவு வேறு. ரிசப்ஷனில் எரிந்து விழுந்தார் என்பதற்காக மருத்துவர்களின் உரிமத்தைக் கவனிக்கும் மாநில மருத்துவ வாரியம் விசாரணை நடத்தாது. பில் தகராறில் அது பொதுவாகத் தலையிடாது. மருத்துவத் தவறைப் பற்றி பில்லிங் அலுவலகத்தில் பேசிப் பயனில்லை. நான்கையும் ஒரே கடிதத்தில் கலந்தால், படிக்கிறவர் எது சுலபமோ அதற்கு மட்டும் பதில் போடுவார். அது பெரும்பாலும் நடத்தைக்கான மன்னிப்பாகத்தான் இருக்கும். காசு அப்படியே நிற்கும்.

ஒரு தாளை எடுத்து நான்கு கட்டம் போட்டு, நடந்ததை உரிய கட்டத்தில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொரு கட்டத்துக்கும் அடியில் ‘எனக்கு என்ன வேண்டும்’ என்று ஒரே வரி. அந்த வரி எழுத வரவில்லை என்றால் அந்தக் கட்டம் வெறும் ஆதங்கம். வீட்டில் பேசித் தீர்த்துக்கொள்ளலாம்.

4. மருத்துவக் குறிப்பை வாங்குங்கள், கடிதத்துக்கு முன்பே

கடிதம் போய்ச் சேர்ந்த பிறகு குறிப்பு கேட்டால் எல்லோரும் உஷாராகிவிடுவார்கள். முன்பே கேட்டால் அது வழக்கமான வேலை.

ஹிப்பா என்ற மருத்துவத் தகவல் சட்டப்படி உங்கள் குறிப்பைப் பெற உங்களுக்கு உரிமை உண்டு. கிளினிக் 30 நாட்களுக்குள் தர வேண்டும். காரணத்தை எழுத்தில் சொல்லி இன்னொரு 30 நாள் மட்டும் எடுத்துக்கொள்ளலாம். நகலெடுக்கும் செலவுக்கு ஏற்ற நியாயமான கட்டணம்தான் வாங்க முடியும், தேடி எடுத்த கூலி என்று கேட்க முடியாது. பழைய பில் பாக்கி இருக்கிறது என்று சொல்லி மறுக்கவும் முடியாது. போர்ட்டலிலேயே மருத்துவர் குறிப்பு இருந்தால் இறக்கிக்கொள்ளுங்கள். ஆனால் அங்கே தெரிவது பல சமயம் சுருக்கம்தான். ‘முழு வருகைக் குறிப்பு, நர்ஸ் குறிப்பு, பரிசோதனை முடிவுகள்’ என்று பெயர் சொல்லிக் கேளுங்கள்.

கையில் வந்ததும் முதலில் கடைசி வரியைப் பாருங்கள். கையெழுத்து யாருடையது? எம்.டி. அல்லது டி.ஓ. என்றால் மருத்துவர். என்.பி. என்றால் நர்ஸ் பிராக்டிஷனர். பி.ஏ. என்றால் ஃபிசிஷியன் அசோசியேட் அல்லது அசிஸ்டென்ட். அர்ஜென்ட் கேரில் பின்னிரண்டு பேர் பார்ப்பது சாதாரணம். ‘டாக்டரே வரவில்லை’ என்பது மட்டும் புகாராகாது. ஆனால் சிகிச்சைப் புகார் எந்த வாரியத்துக்குப் போக வேண்டும் என்பதை அந்த இரண்டு எழுத்துதான் முடிவு செய்கிறது.

அடுத்து ‘பரிசோதனை’ என்ற பகுதி. இந்தப் பகுதிகள் பல இடங்களில் கணினியில் தயாராக இருக்கும் வார்ப்புருவிலிருந்து வருகின்றன. ஸ்டெதஸ்கோப் நெஞ்சில் படாத வருகையிலும் ‘நுரையீரல் இருபுறமும் தெளிவாக உள்ளது, இதயத் துடிப்பு சீராக உள்ளது’ என்று இருக்கும். காது வலிக்காகப் போய், வலது காதைக் காட்டியவருக்கு இடது காது என்று எழுதியிருப்பதும் நடக்கிறது. நடக்காதது எழுதப்பட்டிருந்தால் மஞ்சள் கோடு போட்டு வையுங்கள். திருத்தம் கேட்கவும் ஹிப்பாவில் வழி உண்டு. எழுத்தில் கேட்டால் 60 நாட்களுக்குள் பதில் தர வேண்டும், ஒரு முறை 30 நாள் நீட்டிக்கலாம். மறுத்தால் உங்கள் மறுப்புரையை அந்தக் குறிப்போடு சேர்த்து வைக்கச் சொல்லலாம்.

5. பில்லைப் படியுங்கள்: இரண்டு தாளையும் பக்கத்தில் வைத்து

இன்சூரன்ஸ் நிறுவனம் அனுப்பும் ஈ.ஓ.பி. என்ற விளக்கத் தாள் வரும் முன் கிளினிக் பில்லுக்குப் பணம் கட்டாதீர்கள். ஈ.ஓ.பி.யில் ‘இது பில் அல்ல’ என்று போட்டிருப்பதால் பலர் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் பங்கு இவ்வளவு என்று சொல்லும் தாள் அதுதான். கிளினிக் உங்கள் இன்சூரன்ஸோடு ஒப்பந்தம் உள்ள நெட்வொர்க்கில் இருந்து, காப்பீட்டில் அடங்கும் சேவைக்கு அந்தத் தொகைக்கு மேல் கேட்டால், இன்சூரன்ஸ் அட்டையின் பின்னால் உள்ள எண்ணுக்குக் கூப்பிடுங்கள். ஒப்பந்தப்படி அவர்கள் அப்படிக் கேட்கக் கூடாது. இன்சூரன்ஸ்காரர்களே கிளினிக்கைத் தொடர்புகொள்வார்கள்.

கிளினிக்கிடம் வரிவாரியான பில் கேளுங்கள். மொத்தத் தொகை மட்டும் உள்ள தாளை வைத்து வாதாட முடியாது. வந்ததும் நான்கு இடங்களைப் பாருங்கள்.

முதலாவது, வருகைக் குறியீடு. புதிய நோயாளிக்கு 99202 முதல் 99205 வரை, ஏற்கெனவே வந்தவருக்கு 99211 முதல் 99215 வரை. கடைசி எண் ஏற ஏற கட்டணமும் ஏறும். அதே குழுமத்தில் அதே துறையில் கடந்த 3 ஆண்டுகளுக்குள் பார்த்திருந்தால் நீங்கள் புதியவர் இல்லை, பார்த்தது வேறு கிளையாக இருந்தாலும் சரி. அப்படியும் புதியவர் குறியீடு போட்டிருந்தால் அது திருத்தக்கூடிய பிழை.

இரண்டாவது, அந்தக் குறியீட்டின் படிநிலை. ‘மருத்துவர் 10 நிமிடம்கூட இருக்கவில்லை, 99204 எப்படி?’ என்று கேட்பதுதான் எல்லோருடைய முதல் வாதம். அது பலிக்காது. 2021 முதல் இந்தப் படிநிலையை நேரத்தை வைத்தோ மருத்துவ முடிவின் சிக்கலை வைத்தோ, இரண்டில் ஒன்றைக் கொண்டு தேர்ந்தெடுக்கலாம். ஆகவே குறிப்பை வைத்து வாதாடுங்கள். சாதாரணத் தொண்டை வலி, ஒரு ஸ்ட்ரெப் (தொண்டைக் கிருமி) பரிசோதனை, ஓர் ஆன்டிபயாடிக் என்று மட்டும் குறிப்பு சொன்னால், பிரச்சினையின் அளவும் பரிசோதனைகளின் எண்ணிக்கையும் குறைவு. மருந்து எழுதியது ஒன்றுதான் நடுத்தர நிலையைத் தொடுகிறது. பிரச்சினை, பரிசோதனை, மருந்து போன்றவற்றின் ஆபத்து என்ற மூன்று கூறுகளில் குறைந்தது இரண்டு நடுத்தர நிலைக்கு வந்தால்தான் 99204. ‘இந்தக் குறிப்பின் அடிப்படையில் கோடிங்கை (குறியீடு போட்டதை) மறுபரிசீலனை செய்யுங்கள்’ என்று எழுதினால் பில்லிங் ஆள் அதைத் தன் மேசையில் முடிக்காமல் கோடிங் தெரிந்தவரிடம் அனுப்புவார். நமக்கு வேண்டியது அதுதான்.

மூன்றாவது, கூடுதல் வரிகள். ஸ்ட்ரெப் விரைவுப் பரிசோதனைக்கு 87880 போன்ற எண் இருக்கும். தொண்டையில் பஞ்சு வைக்காமலே அந்த எண் இருந்தால் கேளுங்கள். மாலை, வார இறுதி நேரத்துக்கான 99051 என்ற வரியும் சில பில்களில் வரும். அதை ஒத்துக்கொள்வதா என்பது இன்சூரன்ஸைப் பொறுத்தது.

நான்காவது, இடக் குறியீடு. 20 என்றால் அர்ஜென்ட் கேர். 11 என்றால் சாதாரண மருத்துவர் அலுவலகம். 19 அல்லது 22 என்றால் மருத்துவமனையின் வெளிநோயாளர் பிரிவு, அதற்குத் தனி ‘ஃபெசிலிட்டி’ கட்டணம் சேரலாம். 23 என்றால் எமர்ஜென்சி. வாசலில் அர்ஜென்ட் கேர் என்ற பலகையைப் பார்த்து நுழைந்தவருக்கு 23 வந்திருந்தால், தனித்து இயங்கும் எமர்ஜென்சிக்குள் நுழைந்திருக்கலாம். கோபே பல மடங்காவது இதனால்தான். பலகையை ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ரிசப்ஷனில் ‘உங்கள் இன்சூரன்ஸை எடுத்துக்கொள்வோம்’ என்று சொன்னதை நம்பிப் போனவர்கள் கதையும் இங்கேதான் வருகிறது. இன்சூரன்ஸிடம் பணம் கேட்டு கிளெய்ம் அனுப்புவோம் என்ற அளவில்தான் அதைச் சொல்லியிருப்பார்கள், நெட்வொர்க்கில் இருக்கிறார்களா என்பது வேறு கேள்வி. எதிர்பாராத மருத்துவ பில்களுக்கு எதிராக 2022-ல் நடைமுறைக்கு வந்த நோ சர்ப்ரைசஸ் சட்டம் காப்பாற்றும் என்று எதிர்பார்க்க வேண்டாம். மாநிலச் சட்டப்படி அவசர சிகிச்சை தர அனுமதி பெற்ற இடமாக இல்லாவிட்டால் அர்ஜென்ட் கேர் பொதுவாக அதற்குள் வராது. இன்சூரன்ஸ் இல்லாமல், வருகைக்கு முன்பே எழுத்தில் மதிப்பீடு வாங்கியிருந்து, பில் அதை விட 400 டாலரோ அதற்கு மேலோ அதிகமானால், பில் வந்து 120 நாட்களுக்குள் அந்தச் சட்டத்தின்படி தகராறு எழுப்பலாம். முன்னறிவிப்பின்றி நேரே நுழைந்தவருக்கு அந்த மதிப்பீடு தானாக வராது, கேட்டிருக்க வேண்டும்.

6. கடிதத்தை யாருக்கு எழுதுவது

கிளினிக்கின் பெயர்ப் பலகையில் இருப்பவர்தான் முதலாளி என்று இல்லை. சில கிளினிக்குகளின் பின்னால் மருத்துவமனைக் குழுமம் இருக்கும், சிலவற்றின் பின்னால் முதலீட்டு நிறுவனம், சில ஒரே மருத்துவருடையவை. பில்லின் மேல்மூலையில் உள்ள சட்டப் பெயரையும், மருத்துவர்கள், கிளினிக்குகளின் அடையாள எண்களைக் கொண்ட, இணையத்தில் இலவசமாகத் தேடக்கூடிய என்.பி.ஐ. பதிவேட்டில் உள்ள பெயரையும் பாருங்கள்.

குழுமமாக இருந்தால் ‘பேஷன்ட் ரிலேஷன்ஸ்’ பிரிவுக்கு. ஒற்றை கிளினிக் என்றால் பிராக்டிஸ் மேனேஜருக்கும் மெடிக்கல் டைரக்டருக்கும். லாப நோக்கில்லாத மருத்துவமனையின் ஒரு பகுதியாக கிளினிக் இயங்கினால் நிதி உதவிக் கொள்கை அதற்கும் பொருந்தக்கூடும். வருமானம் குறைவாக உள்ளவர்கள் அந்த விண்ணப்பத்தையும் சேர்த்துக் கேளுங்கள்.

7. கடிதம்: ஒரு பக்கம், ஒரு கோரிக்கை

தொலைபேசியில் தொடங்காதீர்கள். பேசியவர் குறிப்பு எடுத்தாரா என்பது உங்களுக்குத் தெரியாது. பேச வேண்டி வந்தால் அன்றே ‘இன்று இப்படிப் பேசிக்கொண்டோம்’ என்று போர்ட்டலில் ஒரு செய்தி போட்டுவிடுங்கள்.

புதிதாக எழுதுகிறவர்களின் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: ‘என் வாழ்நாளில் இவ்வளவு மோசமான சேவையைப் பார்த்ததில்லை. உங்களுக்கு மனிதாபிமானமே இல்லை. வழக்குப் போடுவேன்.’ வழக்கு என்ற சொல் வந்ததும் கடிதம் சட்டப் பிரிவுக்குப் போகும், உங்களோடு பேசிக்கொண்டிருந்த மேனேஜர் வாயை மூடிக்கொள்வார். உண்மையாகவே வழக்குப் போடும் நோக்கம் இருந்தால் வக்கீலைப் பாருங்கள், கடிதத்தில் மிரட்ட வேண்டாம்.

காத்திருந்து, யாரும் பார்க்காமலே திரும்பிய ஒருவருக்குக் கடிதம் இப்படி அமையலாம். ஆங்கிலத்தில் எழுதும்போதும் இதே எளிமை போதும்.

‘மார்ச் 8, சனிக்கிழமை மாலை 5:40-க்கு என் ஆறு வயது மகனைக் காய்ச்சலுக்காக உங்கள் கிளினிக்குக்கு அழைத்து வந்தேன். வந்தவுடன் 50 டாலர் கோபே வாங்கிக்கொண்டார்கள். 7:25 வரை எந்த நர்ஸும் அவனைப் பார்க்கவில்லை, காய்ச்சல் அளவும் எடுக்கவில்லை. 6:30-க்கும் 7:00-க்கும் கேட்டபோது ‘அடுத்தது நீங்கள்தான்’ என்று ரிசப்ஷனில் சொன்னார்கள். 7:25-க்குச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். கோபேயைத் திருப்பித் தரும்படியும், இந்த வருகைக்காக இன்சூரன்ஸுக்கு கிளெய்ம் போயிருந்தால் அதை ரத்து செய்யும்படியும் கேட்டுக்கொள்கிறேன். 30 நாட்களுக்குள் எழுத்தில் பதில் வேண்டும். ரசீது நகல் இணைத்துள்ளேன்.’

இதில் ஒரு பெயரடைகூட இல்லை. நேரங்கள் தானே பேசுகின்றன. கிளெய்மை ரத்து செய்யக் கேட்பதற்குக் காரணம் உண்டு: யாரும் பார்க்காத வருகைக்கு கிளெய்ம் போனால் அது உங்கள் இன்சூரன்ஸ் பதிவில் ஏறிவிடும், டிடக்டிபிள் (இன்சூரன்ஸ் தரத் தொடங்கும் முன் நீங்கள் கட்ட வேண்டிய தொகை) கணக்கிலும் குழப்பம் வரும்.

போர்ட்டலில் அனுப்புங்கள், கூடவே சான்றளிக்கப்பட்ட தபாலிலும் அனுப்புங்கள். போர்ட்டல் செய்திகளை யார் பார்க்கிறார்கள் என்பது இடத்துக்கு இடம் மாறும். தபால் ரசீது மாறாது.

8. பதில் வரும் வரை பணத்தை எப்படிக் கையாள்வது

பில்லிங் அலுவலகத்தைக் கூப்பிட்டு, ‘இந்தக் கணக்கு தகராறில் உள்ளது, முடியும் வரை நிறுத்தி வையுங்கள்’ என்று சொல்லுங்கள். எத்தனை நாள் நிறுத்தி வைப்பார்கள், பேசியவர் பெயர் என்ன என்பதைக் குறித்துக்கொள்ளுங்கள். பதிவின்போது கார்டு எண்ணை வாங்கி வைத்திருந்தால், அதிலிருந்து பணம் எடுக்கக் கொடுத்த அனுமதியை எழுத்தில் திரும்பப் பெறுங்கள். இதை விட்டுவிட்டு, தகராறு நடுவே முழுத் தொகையும் கார்டில் போனதைப் பார்த்துத் திகைத்தவர்கள் நிறையப் பேர்.

ஒன்றும் சொல்லாமல் பில்லைக் கிடப்பில் போடுவதுதான் மோசமான வழி. அது கடன் வசூலிக்கும் கலெக்ஷன் ஏஜென்சிக்குப் போகும். போய்விட்டால், அவர்கள் அனுப்பும் முதல் அறிவிப்பு கிடைத்த 30 நாட்களுக்குள் எழுத்தில் மறுத்து, கடனுக்கு ஆதாரம் கேளுங்கள். ஆதாரம் தரும் வரை அவர்கள் வசூலை நிறுத்த வேண்டும். கடன் வரலாற்றைப் பதிந்து வைக்கும் மூன்று பெரிய கிரெடிட் நிறுவனங்களும் 2023 ஏப்ரலில் 500 டாலருக்குக் குறைவான மருத்துவ வசூல் பாக்கிகளை அறிக்கையிலிருந்து நீக்கின. பெரிய பாக்கியும் ஓராண்டு கழித்துத்தான் ஏறும். ‘கிரெடிட் ஸ்கோர் நாளையே விழுந்துவிடும்’ என்று ஃபோனில் பயமுறுத்தினால் இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

9. கிளினிக் அசையவில்லை என்றால் எந்தக் கதவு

இன்சூரன்ஸ் பணம் தர மறுத்திருந்தால் முதலில் அந்த நிறுவனத்திடமே உள்முறையீடு. மறுப்பு அறிவிப்பு கிடைத்த 180 நாட்களுக்குள் எழுத வேண்டும். அதுவும் தோற்று, மறுப்புக்கு மருத்துவத் தேவை பற்றிய தீர்ப்பு காரணமாக இருந்தால், இறுதி முடிவு வந்த 4 மாதத்துக்குள் வெளியார் பார்க்கும் வெளி மறுஆய்வு கேட்கலாம். இரண்டுக்கும் படிவம் எங்கே என்பது மறுப்புத் தாளின் கடைசிப் பக்கத்தில் இருக்கும். அந்தப் பக்கத்தை யாரும் படிப்பதில்லை.

அடுத்த படியில்தான் பலர் சறுக்குகிறார்கள். மாநில இன்சூரன்ஸ் துறைக்கு எழுதி, ‘எங்கள் அதிகாரத்துக்குள் வராது’ என்ற பதிலை வாங்குவார்கள். பெரிய நிறுவனங்கள் பலவற்றின் திட்டங்களில் பணம் கொடுப்பது முதலாளிதான், இன்சூரன்ஸ் நிறுவனம் கணக்கு மட்டும் பார்க்கும். அப்படிப்பட்ட திட்டத்துக்கு மாநிலத் துறை இல்லை, மத்திய தொழிலாளர் துறையின் இ.பி.எஸ்.ஏ. பிரிவு. உங்களுடையது எந்த வகை என்று எச்.ஆர்.இல் ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும்.

சிகிச்சைத் தவறு என்றால் மருத்துவருக்கு மாநில மருத்துவ வாரியம், நர்ஸ் பிராக்டிஷனருக்கு நர்ஸிங் வாரியம். பி.ஏ.வுக்கு மாநிலத்தைப் பொறுத்து மருத்துவ வாரியமோ தனி வாரியமோ. வாரியம் உரிமத்தின் மேல் நடவடிக்கை எடுக்கும், உங்களுக்குப் பணம் வாங்கித் தராது. பாதிப்பு பெரிதாக இருந்து நஷ்டஈடு யோசிக்கிறீர்கள் என்றால் உடனே வக்கீல். வழக்குக்கான கெடு மாநிலத்துக்கு மாநிலம் வேறு, டெக்சாஸில் பொதுவாக 2 ஆண்டு. புகார் நடந்துகொண்டிருக்கிறது என்பதால் அந்தக் கடிகாரம் நிற்காது.

தகவலை வெளியே சொன்னது, மருத்துவக் குறிப்பு தர மறுத்தது, மொழிபெயர்ப்பாளர் மறுத்தது ஆகியவற்றுக்கு மத்திய சுகாதாரத் துறையின் சிவில் உரிமை அலுவலகம். தெரிந்த நாளிலிருந்து 180 நாட்களுக்குள் இணையத்தில் புகார் போடலாம். மத்திய நிதி பெறும் கிளினிக்குகள் ஆங்கிலம் போதாதவருக்கு இலவசமாக மொழி உதவி தர வேண்டும். தொலைபேசி வழியாகத் தமிழ் மொழிபெயர்ப்பாளரையும் கேட்கலாம். அவசர நிலை தவிர, கூட வந்த சிறு பிள்ளையை வைத்து மொழிபெயர்க்கச் சொல்வது விதிக்குப் புறம்பு.

பில்லில் ஏமாற்று நடைமுறை தெரிந்தால் மாநில அட்டர்னி ஜெனரலின் நுகர்வோர் பிரிவு. பல மாநிலங்களில் அர்ஜென்ட் கேருக்கென்று தனி உரிமமே இல்லாததால், மாநில சுகாதாரத் துறையில் கதவைத் தட்டிப் பெரும்பாலும் பயனில்லை.

10. ரிவ்யூ கடைசியில்

பேச்சு நடக்கும்போது ரிவ்யூ போட்டால் கிளினிக்குக்கு இறங்கி வர ஒரு காரணம் குறைகிறது. முடிவு தெரிந்த பின் போடுங்கள். பார்த்தது, கேட்டது, கட்டியது மட்டும். ‘மோசடிக்காரர்கள்’ என்று எழுதினால் நிரூபிக்கும் பாரம் உங்கள் தலையில் விழலாம். பதிவுப் படிவத்தில் ‘எதிர்மறையாக எழுத மாட்டேன்’ என்ற வரியில் கையெழுத்து வாங்கியிருந்தாலும் கவலை வேண்டாம். நேர்மையான விமர்சனத்தைத் தடுக்கும் அத்தகைய ஒப்பந்த வரிகளை 2016-ஆம் ஆண்டுச் சட்டம் செல்லாதவை ஆக்குகிறது.

11. ஊரிலிருந்து வந்த அப்பா, அம்மாவுக்காக

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்களுக்கு வாங்கும் விசிட்டர் இன்சூரன்ஸில் ஆட்டம் வேறு. இவை பெரும்பாலும் பழைய நோய்களுக்குப் பணம் தருவதில்லை. ‘திடீரென்று தீவிரமானது’ என்ற விதிவிலக்கு மட்டும் சில பாலிசிகளில் இருக்கும். ஆகவே குறிப்பில் விழும் ஒரு சொல் கிளெய்மையே சாய்த்துவிடும். அம்மாவுக்கு மூன்று நாளாக இருமல். உள்ளே கேட்கும்போது கூட இருக்கும் மகன், உதவுகிற நினைப்பில், ‘அவங்களுக்கு குளிர் வந்தா எப்பவுமே இருமல்தான்’ என்று சொல்லிவிடுகிறார். குறிப்பில் நாள்பட்ட இருமல் என்று ஏறிவிடுகிறது. இப்போதைய தொந்தரவு எப்போது தொடங்கியது என்று கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். பழைய நோய், எடுத்துவரும் மாத்திரை பற்றிக் கேட்டால் உண்மையை மறைக்காதீர்கள். மறைப்பது சிகிச்சைக்கும் ஆபத்து, கிளெய்முக்கும் ஆபத்து.

குறிப்பு தவறாக இருந்தால் கிளெய்ம் அனுப்பும் முன்பே நான்காம் படியில் சொன்ன திருத்தத்தைக் கேளுங்கள். மறுப்பு வந்த பிறகு திருத்திய குறிப்பை இன்சூரன்ஸ்காரர்கள் சந்தேகத்தோடுதான் பார்ப்பார்கள்.

பெற்றோர் ஊர் திரும்பும் முன் இரண்டு வேலையை முடித்துவிடுங்கள். உங்களோடு பேச கிளினிக்குக்கும் இன்சூரன்ஸுக்கும் அனுமதி தரும் படிவத்தில் அவர்களிடம் கையெழுத்து வாங்குங்கள். அது இல்லாவிட்டால் மகனே கேட்டாலும், மகளே கேட்டாலும் ‘நோயாளியிடம்தான் பேசுவோம்’ என்று சொல்லிவிடுவார்கள். அடுத்து, போர்ட்டல் கணக்கை அவர்கள் இந்திய எண்ணில் திறந்திருந்தால், இங்கே உள்ள எண்ணுக்கோ உங்கள் மின்னஞ்சலுக்கோ அவர்கள் கையாலேயே மாற்றிவிடச் சொல்லுங்கள். இல்லையென்றால் சரிபார்ப்புக் குறியீட்டுக்காக நடுராத்திரியில் அப்பாவை எழுப்பிக்கொண்டிருக்க வேண்டிவரும்.